மறிச்சான்கொல்லையில் முகூர்த்தம்

குடியாத்தம்
12-11-2025

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

லோகநாதன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி பட்டம்மாளும் நலம். பையன் விஷ்ணு நலம் மாதிரிதான் இருக்கிறான், ஆனால் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை.

திங்கட்கிழமை போனில் நான் உங்களைப் பார்த்துக் கத்தியதாகவும், அதனால்தான் நீங்கள் பாதியில் வைத்துவிட்டதாகவும் சொல்கிறார்கள். நான் கத்தவில்லை. முப்பது வருஷமாகப் பவர்லூம் தறிகளுக்கு நடுவில் நின்று லுங்கி ஓட்டுகிறவன். என் சாதாரணக் குரலே அதுதான். பட்டம்மாள் சொன்னாள்: "நீங்க சௌக்கியமான்னு கேட்டாலே எதிராளி பயந்துடுவான். எழுதிக் குடுங்க. காகிதம் சத்தம் போடாது." எனவே இந்தக் கடிதம். விஷ்ணுவும் உங்கள் சௌம்யாவும் ஒரே ஷூ கம்பெனியில் இருப்பதால், ஆம்பூர் கேன்டீனில் மதியம் கைமாறிவிடும். ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன், பிள்ளைகள் பிரிக்கக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தட்டு வரிசை, பூ, பழம், புடவை எல்லாம் இருந்தது. உங்கள் ஊருக்கு வெளியே அந்தக் கானாறு எங்களை நிறுத்திவிட்டது. மழை பெய்தால் ரோட்டுக்கு மேல் ஆறு ஓடும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் நீங்கள். நான் கத்தினேன், அப்போது நிஜமாகவே கத்தினேன், உங்களுக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்து திரும்பினோம். வேனில் என் பங்காளி ஒருத்தன், "இன்னா அண்ணா, பொண்ணு வூட்டுக்குப் போட்லதான் போவணுமா?" என்றான். வழி நெடுக ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜாதி வேறு, பழக்கம் வேறு என்று தெரிந்துதான் பிள்ளைகள் விருப்பத்துக்கு நாம் இரண்டு பேரும் தலையாட்டினோம். அதில் எனக்கு இப்போதும் வருத்தம் இல்லை. ஆனால் பெண் எந்த ஊர் என்று நாலு பேர் கேட்கும்போது பதில் சொல்ல முடியவில்லை. போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் பச்சையாக இருக்கிறது, அவ்வளவுதான். கல்யாணத்தையும் அங்கேயே வைக்க வேண்டும் என்கிறீர்கள். சரிப்படாது. குடியாத்தத்தில் நல்ல மண்டபம் இருக்கிறது. ஏசி, லிஃப்ட், கார் நிறுத்த இடம், எல்லாம் உண்டு. யோசித்துப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
லோகநாதன்


மறிச்சான்கொல்லை
15-11-2025

சம்பந்தி அண்ணாவுக்கு,

தனபாக்கியம் எழுதுவது. கடிதம் கிடைத்தது. நீங்கள் சத்தமாகப் பேசியதற்காக நான் போனை வைக்கவில்லை. கொல்லையில், வயலுக்கு நடுவில் இருக்கிறவர்கள் நாங்களும் சத்தமாகத்தான் பேசுவோம். "அது ஊரா, காடும்மா" என்றீர்களே, அதற்காக வைத்தேன். அதைக் கடிதத்தில் எழுத மறந்துவிட்டீர்கள் போல.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டுமா காத்திருந்தீர்கள்? எண்பது பேருக்குச் சமைத்து வைத்திருந்தோம். நீங்கள் அக்கரையில் நின்று கையை ஆட்டினீர்கள். "வேற வழி இருக்குதான்னு கேக்குறாங்க" என்றாள் சௌம்யா. "இல்ல, போய்ட்டு வர்றோம்னு சொல்றாங்க" என்றார் அமீர் பாஷா அண்ணன். அவர் பக்கத்துக் கொல்லைக்காரர், எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி. வேன் திரும்பியதும் சௌம்யா உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அந்தச் சாப்பாட்டை எங்கள் பதினோரு வீடும் மறுநாள் வரை சாப்பிட்டது.

ஊரைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். கேட்கிறவர்களுக்குச் சொல்ல உங்களுக்கும் உதவும்.

அணைக்கட்டிலிருந்து மலைப் பக்கமாக வந்தால் எங்கள் ஊர் கடைசி. மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கம் கானாறு. அதனால்தான் போன் சிக்னல் கிடையாது, ஏரிக்கரை மேல் ஏறினால் கொஞ்சம் வரும். மலையில் பெய்கிற மழை அரை நாளில் இறங்கி வந்து, ஒரு நாளில் ஓடிவிடும். வருஷத்தில் பத்து நாள்தான் வழி அடைபடும், அந்தப் பத்து நாளில் ஒன்றை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். முன்காலத்தில் வேலூர்க் கோட்டையிலிருந்து வரி வாங்கக் குதிரையில் வந்தவர்களையும் இந்தக் கானாறு மறித்துத் திருப்பி அனுப்பியதாம். குதிரைமறிச்சான் கொல்லை என்று பேர் வந்தது அதனால்தான். எந்த ராஜா, எந்த வருஷம் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிடக் கூப்பிடக் குதிரை தேய்ந்துபோய் மறிச்சான்கொல்லை ஆகிவிட்டது. ஆக, ஆறு திருப்பி அனுப்பியதில் நீங்கள் முதல் ஆள் இல்லை, வெட்கப்பட வேண்டாம்.

எங்கள் வீடுகள் தெருவாக இருக்காது. அவரவர் கிணற்றடியில் அவரவர் வீடு. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் கூப்பிடு தூரம். நடுவில் நெல், மல்லாட்டை, தென்னை. அதனால்தான் பார்க்கிறவர்களுக்குக் காடு மாதிரி தெரிகிறது. ஆனால் ஒரு காலத்தில் இங்கே கூட்டம் இருந்திருக்கிறது அண்ணா. ரசாயனம் வருவதற்கு முன்னால் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோல் பதனிடுவார்களாம். மேட்டுச் சரளையில் ஆவாரை மானாவாரியாக வளரும் இடம் இது. பட்டை உரிக்க எங்கிருந்தெல்லாமோ குடும்பங்கள் வந்து குடிசை போட்டன. வண்டி வண்டியாகப் பட்டை போகும். அமீர் பாஷா அண்ணனின் தாத்தா பட்டை எடைபோட வந்தவர், மண்ணைப் பார்த்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். பட்டைக்கு வேலை இல்லாமல் போனதும் கூட்டம் கலைந்தது. கிணறு வெட்டினவர்கள் மட்டும் நின்றோம். தோல் ஷாப்புகள் எல்லாம் கீழே பாலாற்றங்கரையில். நாங்கள் மேலே. எங்கள் கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

என் வீட்டுக்காரர் போனபோது சௌம்யாவுக்கு ஆறு வயசு. அந்த வருஷம் என் நெல்லுக்குத் தண்ணீர் கட்டியது நான் இல்லை, சுற்றியிருக்கிற இந்த வீட்டுக்காரர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இப்போது வேன் படி ஏற முடியாது. அவர்கள் கையால் அட்சதை விழாமல் என் பெண்ணுக்குத் தாலி ஏறக் கூடாது. இதுதான் என் பதில்.

தனபாக்கியம்


குடியாத்தம்
20-11-2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதத்தைப் பட்டம்மாள் இரண்டு முறை படித்தாள். "பாருங்க, எவ்ளோ அழகா எழுதறாங்க" என்றாள். அழகாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் நான் மண்டபம் கேட்டேன், நீங்கள் சரித்திரம் அனுப்பியிருக்கிறீர்கள்.

காடு என்று சொன்னது கோபத்தில் வந்த வார்த்தை. விட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கம் அறுநூறு பேர். நூல் கடைக்காரர், சாயப் பட்டறைக்காரர், என்னிடம் லுங்கி எடுக்கிற வியாபாரிகள், இவர்களை எல்லாம் எங்கே உட்கார வைப்பீர்கள்? எங்கே கை கழுவுவார்கள்? வயசானவர்கள் அவசரத்துக்கு எங்கே போவார்கள்? மறுபடி மழை வந்தால்? எனக்கு இருப்பது ஒரே பையன். ஊர் மெச்சக் கல்யாணம் செய்ய வேண்டும் என்பது தப்பா?

உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு நான் ஏசி பஸ் அனுப்புகிறேன். அதற்கும் ஒத்துவரவில்லை என்றால், தை மாசத் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு எல்லோரும் நிதானமாக யோசிப்போம். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

லோகநாதன்


மறிச்சான்கொல்லை
22-11-2025

அண்ணாவுக்கு,

தேதியைத் தள்ளுவது என்றால் தள்ளுங்கள். என் பெண் எனக்குப் பாரம் இல்லை. சௌம்யா நேற்றிலிருந்து என்னோடும் பேசவில்லை, உங்கள் வீட்டு வியாதி இங்கேயும் வந்துவிட்டது.

நெல் பூ எடுத்திருக்கிறது, எனக்கு வேலை இருக்கிறது.

தனபாக்கியம்


குடியாத்தம்
11-12-2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். நேற்று நான் உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பட்டம்மாளிடம் வேலூரில் நூல் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஏன் வந்தேன் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், கல்யாணத்துக்கு வக்கில்லாத இடம் என்று கண்ணால் பார்த்து, அதை உங்களுக்கு எழுதத்தான் வந்தேன்.

பள்ளிகொண்டாவில் இறங்கி அணைக்கட்டு பஸ் பிடித்தேன். அங்கிருந்து மினி பஸ். "கடைசி ஸ்டாப்பிங், இதுக்கு மேல வண்டி போவாது" என்று ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டார்கள். நடந்தேன். கானாற்றில் முழங்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேட்டியைத் தூக்கிக் கட்டி இறங்கினேன். தண்ணீர் ஐஸ் மாதிரி. ஏறி இன்னும் நடந்தால் வயல், தென்னை, மறுபடி வயல். ஊரைக் காணோம். ஒரு தென்னந்தோப்பில் நரைத்த தாடிக்காரர் ஒருத்தர் மட்டை கிழித்துக்கொண்டிருந்தார்.

"மறிச்சான்கொல்லை எங்க இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"அதுலதான் நிக்கிறீங்க" என்றார்.

"வீடுங்க எல்லாம்?"

"அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. உங்களுக்கு எது வேணும்?"

"தனபாக்கியம் அம்மா வீடு."

அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடியாத்தம் சம்பந்தியா நீங்க?"

"எப்பிடித் தெரிஞ்சுது?"

"இவ்ளோ சத்தமா பேசறவரு அவர்தான்னு தங்கச்சி சொல்லிச்சு."

அவர்தான் உங்கள் அமீர் பாஷா. அவர் கட்டியிருந்தது என் தறியில் ஓடின லுங்கி. கட்டத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சொன்னேன். "அப்படியா, ரெண்டு வருஷமா உழைக்குது" என்றார். வியாபாரத்தில் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள், எனக்கு இது மாதிரி இனித்ததில்லை.

நீங்கள் அணைக்கட்டுக்கு உரம் வாங்கப் போயிருந்தீர்கள். இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு அவரே ஊரைச் சுற்றிக் காட்டினார். எந்த வீட்டைக் கடந்தாலும் உள்ளிருந்து ஒரு குரல், "யாரு பாய், கூட?" இவர், "சௌம்யா மாமனார்!" என்பார். உடனே மோர், இல்லையென்றால் காபி. நாலாவது வீட்டுக்கு மேல் என் வயிற்றில் இடமில்லை. கல்யாணம் தள்ளிப்போகிற விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தர்கூட அதைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை. எனக்கு அதுதான் கூச்சமாகப் போய்விட்டது.

திரும்பும்போது அமீர் பாஷா கானாறு வரை வந்தார். கரையில் ஒரு புங்கமரத்தில் தடிமனான கயிறு சுற்றி வைத்திருந்தது.

"இது எதுக்கு பாய்?"

"பாப்பாவுக்கு. பள்ளிக்கூடம் போறப்போ கட்டினது. தண்ணி ஜாஸ்தியானா அந்தப் பக்கம் புளியமரத்துல முடிச்சுப் போட்டு, புடிச்சிக்கினே கூட்டிட்டுப் போய் விட்டுடுவோம். இப்போ கம்பெனிக்குப் போறப்பவும் அதான். நீங்க வந்த அன்னிக்கு மட்டும் கயித்துக்கும் அடங்கல."

"யாரு கூட்டிட்டுப் போவாங்க?"

"யாருக்குக் கை ஒழிவா இருக்குதோ அவங்க. இன்னிக்கு நானுன்னா நாளைக்கு இன்னொருத்தரு. ஒரு பரீட்சைகூட அது விட்டதில்ல, தெரியுமா?"

நான் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன் அம்மா. கை பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது. என் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணை இத்தனை கைகள் கரை சேர்த்திருக்கின்றன. அறுநூறு பேரை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று உங்களிடம் கேட்டேன். பெண் கொடுக்கிறவர்கள் நீங்கள் ஒருத்தர் இல்லை, பதினோரு வீடு என்று எனக்கு உறைக்கவில்லை.

ஏரிக்குப் பக்கத்தில் நெல் அடிக்கிற களம் இருக்கிறதே, அங்கே பந்தல் போடலாம். அளந்து பார்த்துவிட்டேன். தை மாசமே, அதே தேதி. முகூர்த்தம் மறிச்சான்கொல்லையில்.

லோகநாதன்


மறிச்சான்கொல்லை
11-12-2025

சம்பந்தி அண்ணாவுக்கு,

நேற்று நீங்கள் வந்துபோனதாக அமீர் பாஷா அண்ணன் சொன்னதும் எனக்குத் தலை சுற்றியது. துவைக்காத துணி கொடியில், வாசலில் சாணி, மாட்டுக்குத் தவிடு கரைத்த வாளி நடுவழியில். சம்பந்தி வருகிற நேரமா அது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எதற்கு வந்தீர்கள் என்று அவரும் சொல்லவில்லை. "அவரே எழுதுவாரு" என்று சிரிக்கிறார். நல்லதுக்கு வந்திருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் நீங்கள் எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன்.

கல்யாணம் குடியாத்தத்திலேயே நடக்கட்டும்.

போன வாரம் சௌம்யா வாயைத் திறந்தாள். "மா, கல்யாணம் எனக்கா, ஊருக்கா?" என்று ஒரே கேள்வி. எனக்குக் கோபம் வந்தது. நேராகப் பெரியவர்கள் வீடுகளுக்குப் போனேன், அவர்கள் என் பக்கம் பேசுவார்கள் என்று. "நாங்க வண்டி ஏற மாட்டோம்னு உன்கிட்ட யாரு சொன்னது? ரெண்டு பேர் தூக்கிவுட்டா ஏறிட்டுப் போறோம், குடியாத்தமும் பாத்தா மாதிரி ஆச்சு" என்றார்கள். சில பேர் புதுப் புடவைகூட எடுத்து வைத்திருக்கிறார்கள். அட்சதை ஆசை அவர்களுக்கு உண்டு. ஆனால் இங்கேதான் நடக்க வேண்டும் என்ற பிடிவாதம் என்னுடையது மட்டும்தான்.

எனக்கு என்ன ஆசை என்றால் அண்ணா, ஒரே ஒரு நாள் இந்தக் களத்தில் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் வந்து, வழி கேட்டு, பந்தியில் இடம் பிடிக்க முட்டி மோதி, செருப்பைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி ஒரு கூட்டம். அதற்குப் பிறகு வீட்டில் நான் ஒருத்தி. அதற்காகப் பெண் மனசை நோகடிக்க முடியாது.

உங்கள் மண்டபத்துக்கே வருகிறோம். ஏசி பஸ் வேண்டாம், சாதா பஸ் போதும். ஏசி ஒத்துக்கொள்ளாது.

தனபாக்கியம்


குடியாத்தம்
13-12-2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று கேன்டீனில் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கவரை நீட்டியிருக்கிறார்கள். இப்போது நீங்களும் என் கடிதத்தைப் படித்திருப்பீர்கள். பட்டம்மாள் இரண்டு மணி நேரமாகச் சிரிக்கிறாள்.

இனிமேல் "நீங்கள் சொன்னபடியே", "இல்லை, நீங்கள் சொன்னபடியே" என்று நாம் ஒரு புதுச் சண்டை ஆரம்பிக்க வேண்டாம். நான் முந்தி எழுதினேன், என் பேச்சுதான் எடுபட வேண்டும். நீங்களும் அதே தேதிதான் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்ல வருவீர்கள். நான் காலையிலேயே எழுதினேன்.

முகூர்த்தம் அங்கே. ராத்திரி ரிசப்ஷன் இங்கே, அதை விட்டால் வியாபாரிகள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். உங்கள் பெரியவர்கள் ரிசப்ஷனுக்கும் வர வேண்டும், அந்தப் புதுப் புடவைகளோடு. சாப்பாட்டில் ஒரு பந்தி பிரியாணி அமீர் பாஷா பொறுப்பு, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வாசலில் சாணி இருந்ததை நான் கவனிக்கவில்லை. இப்போது நீங்கள் எழுதித்தான் தெரியும்.

கூட்டம் வேண்டும் என்றீர்கள். கூட்டத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அண்ணன்
லோகநாதன்


குடியாத்தம்
20-2-2026

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கொண்டுபோகிற இரண்டு பேரும் இப்போது ஒரே வீட்டில் இருப்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

கல்யாணக் களைப்பு இங்கே இன்னும் தீரவில்லை. காய்ந்து கிடந்த கானாற்று மணலில் எங்கள் பெண்கள் வரிசைத் தட்டோடு மேளத்துக்குப் பின்னால் நடந்து வந்ததைத்தான் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். கூட்டம் போதுமா போதாதா? எண்ணூற்றுக்கு மேல் வந்துவிட்டது, இலை பற்றாமல் வாழைத் தோட்டத்துக்கு ஆள் ஓடினானே! வேனில் சிரித்த அந்தப் பங்காளி இப்போது உங்கள் பக்கம் ஏதாவது நிலம் விலைக்கு வருமா என்று விசாரிக்கச் சொல்கிறான். வராது என்று சொல்லிவிட்டேன்.

சௌம்யா நன்றாக இருக்கிறாள். நான் பேசுவது அவளுக்குச் சத்தமாகவே தெரியவில்லையாம். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு விஷயம். மறுவீட்டுக்குப் பிள்ளைகளோடு பட்டம்மாளும் வந்தாள் இல்லையா? லீவு முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். அவள் வரவில்லை. "ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்" என்றாளாம். ஒரு வாரம் தாண்டிவிட்டது. போனை இங்கே அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா? என் மேல் கோபமா? சௌம்யாவிடம் கேட்டால் சிரிக்கிறாள். எனக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனால் வீடு வீடாக இல்லை. தயவுசெய்து அவளை அனுப்பிவையுங்கள்.

லோகநாதன்


மறிச்சான்கொல்லை
24-2-2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, உங்கள் மேல் கோபமும் இல்லை. காலையில் என்னோடு மொச்சைக்காய் பறிக்கிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. மதியம் ஒரு தூக்கம். சாயங்காலம் ஆனால் ஏரிக்கரை மேல் ஏறிப் போய் உட்கார்ந்துவிடுகிறார். முதல் நாள் வழி தெரியாமல் எங்கேயாவது போய்விட்டாரோ என்று நான் பயந்து ஓடினேன். சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அண்ணி பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. தூரமா பாக்குறேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவரே சொன்னார். "கல்யாணம் பண்ணி வந்ததுலேர்ந்து தறிக்கு நூல் தார் சுத்துற இடத்துல உக்காந்தா எதிர்ல சுவரு. சமைக்கப் போனா ஜன்னலுக்கு எதிர்ல பக்கத்து வூட்டுச் சுவரு. எம்மாந்தூரம் கண்ணு போவும்னே எனக்கு மறந்துபோச்சு. இங்க பாரு, அந்த மலை வரைக்கும் போவுது."

இத்தனை வருஷம் நானும் தினமும் அந்தக் கரை மேல் ஏறி இறங்கியிருக்கிறேன் அண்ணா. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று நின்று யோசித்ததில்லை. இப்போது நானும் கூடப் போய் உட்காருகிறேன். இருட்டுவதற்குள் எழுந்து வந்துவிடுவோம். நேற்று அமீர் பாஷா அண்ணன் கீழே நின்று, "என்ன தங்கச்சி, ரெண்டு பேரும் நிலம் அளக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அனுப்பிவைக்கச் சொன்னீர்கள். நான் எப்படி அனுப்புவது? கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கி அண்ணியே கீழே எழுதுகிறார்.

தனபாக்கியம்

*விஷ்ணு அப்பாவுக்கு, பட்டம்மா எழுதறது. ஞாயித்துக்கிழமை தறிக்கு லீவுதானே. பஸ் ஏறி வாங்க. வர்றப்போ என் கண்ணாடி எடுத்துட்டு வாங்க, கிட்டக்க இருக்குற மொச்சைக்காய் தெரிய மாட்டேங்குது. தூரம் நல்லாத் தெரியுது. ரெண்டு நாள் துணியும் வெச்சிக்கோங்க, வந்த உடனே கெளம்பலாம்னு சொல்லக் கூடாது.*